ஷீட்டுக்குக் கீழே நின்ற புகைக்குழாய்

அளந்து பார்க்க வந்த அதிகாரி எங்கள் மாடியில் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஓவர்லாக் தையல் மிஷின்களுக்கு நடுவில், தரையைத் துளைத்துக்கொண்டு வந்து நின்ற செங்கல் புகைக்குழாயை அவர் அளந்தார். "மூணடி இருக்குதுங்க. பிளான்ல போட்ட மாதிரியே கரெக்ட்டா கட்டியிருக்கறீங்க" என்றார். பிறகு தலையைத் தூக்கி மேலே இருந்த தகர ஷீட்டைப் பார்த்தார். "குழாய் ரூல்படிதாங்க இருக்குது. கூரைதான் ரூல்படி இல்லீங்க." கீழே குளியலறையிலிருந்து என் நாத்தனாரைத் தூக்கிக்கொண்டு ஓடி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லைதான். ஆனாலும் அந்த டேப்பைப் பிடுங்கி ரோட்டில் வீசலாமா என்று இருந்தது.

திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் நாங்கள் வீடு கட்டியபோது கீழ்த்தளம் மட்டும்தான். என் மாமியாருக்கு வெந்நீர் அடுப்பு இல்லாத வீடு ஒரு வீடே இல்லை. சுவிட்சைப் போட்டால் சூடாகிற தண்ணீரில் குளித்தால் உடம்பு வலி போகாது என்பார். அதனால் குளியலறை மூலையிலேயே செம்பு அண்டாவைச் சிமெண்டில் பதித்து, அடியில் அடுப்பு வைத்தோம். மழைக்காலத்தில் விறகு தள்ள வெளியே போய் நனையக் கூடாது என்று அடுப்பின் வாயையும் உள்பக்கமே வைக்கச் சொன்னார்.

பிளான் போட்ட இன்ஜினியர் அதைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அடுப்பு உள்ள இருந்தா புகைக்குழாய் கட்டாயமுங்க. அது மொட்டை மாடிக்கு மேல மூணடி நிக்கோணும். பக்கத்துல இருக்கிற கைப்பிடிச் சுவத்தை விடத் தாழ இருக்கக் கூடாது. குளிக்கிற ரூமுக்கு வெளியில இருந்து காத்து வரச் சுவத்துல ஓட்டை ஓட்டையா ஒரு ஜாலி வைக்கோணும், அதை எப்பவும் மூடக் கூடாது. வருசத்துக்கு ஒருக்கா குழாயில கரி தட்டோணும்." என் வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் ஆமாங்க, சரிங்க என்று தலையாட்டினார். கட்டும்போது அப்படியே கட்டவும் செய்தார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனால் அந்தக் குழாய் என் இடுப்பு உயரத்துக்கு நிற்கும், வாயிலிருந்து புகை தன் பாட்டுக்கு வானத்துக்குப் போகும்.

ரெண்டு வருடம் கழித்து அவர் ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்ததை விட்டுவிட்டுச் சொந்தமாகப் பனியன் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் எடுத்தார். இடத்துக்கு எங்கே போவது? மொட்டை மாடி சும்மாதானே கிடக்கிறது! நாலு பக்கமும் சுவரை உயர்த்தி, மேலே தகர ஷீட்டைப் போட்டு, மிஷின்களை ஏற்றிவிட்டார். ஊரில் பாதிப் பேர் மாடி அப்படித்தான் இருக்கிறது. யாரைக் கேட்டு, என்ன அனுமதி வாங்கி என்றெல்லாம் யாரும் யோசிப்பதில்லை. ஷீட் போட வந்தவர்கள் புகைக்குழாய்க்கு எட்டாத உயரத்தில் கூரையைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். வெட்டவெளியில் நின்ற குழாய் இப்போது அறைக்குள் நின்றது.

"ஏனுங்க, புகை உள்ளாறயே வருமுங்களே. ஷீட்டை ஒரு சதுரம் வெட்டி, ஒரு தகரக் குழாயை மேல ஏத்தி உட்டுருங்க" என்று அன்றைக்கே சொன்னேன்.

"வெட்டுனா மழைக்கு ஒழுகும் புள்ள. ஒரு சொட்டு பீஸ் மேல உழுந்தா போச்சு. இந்த சிப்மென்ட் போகட்டும், நல்ல ஆளா கூட்டியாந்து ஒழுகாம செஞ்சுக்கலாம்."

திருப்பூரில் இந்த வார்த்தையைக் கேட்காத பெண்டாட்டி யாராவது இருந்தால் என் முன்னால் வரட்டும். பல் வலிக்கிறது என்றாலும் இந்த சிப்மென்ட் போகட்டும். பிள்ளைக்குக் காது குத்தணும் என்றாலும் இந்த சிப்மென்ட் போகட்டும். ஒன்று போனால் அடுத்தது வந்து நிற்கும். அது என்றைக்குப் போய் முடிந்தது?

முதலில் கறுப்பும் நீலமுமாகப் பீஸ்கள் வந்தன. புகை கண்ணைக் கரித்தது, அவ்வளவுதான். பிறகு வெள்ளை லாட் வந்தது. குழந்தைகளுக்கான வெள்ளை பனியன். செக்கிங் டேபிளில் நான்தான் உட்காருவேன். ஒரு பீஸை விரித்தேன், தோளில் கடுகளவு கரும்புள்ளி. விரலால் தட்டினேன், ஈஷிக்கொண்டு கோடாகிவிட்டது. அடுத்த பீஸிலும் அதே. குழாயிலிருந்து பறந்து வந்த கரி. அந்த லாட்டில் எத்தனையோ பீஸ் ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்தது. அவர் இரண்டு நாள் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போனார்.

மூன்றாம் நாள் ஒரு வழி கண்டுபிடித்தார். கட்டிங் வேஸ்ட்டைத் தலையணை அளவுக்கு ஒரு சாக்கில் திணித்துக் கட்டி, குழாயின் வாயில் வைத்து அழுத்தி அடைத்தார். எங்கள் ஊரில் எந்த ஓட்டைக்கும் பனியன் வேஸ்ட்தான் மருந்து. ஷட்டருக்கு அடியில் எலி வந்தால் அதுதான், ஜன்னல் ஆடினால் அதுதான், தண்ணீர்க் குழாய் கசிந்தால் அதைத்தான் சுற்றுவோம். புகைக்குழாய்க்கும் அதுவே ஆயிற்று. விடியற்காலையில் மாமியார் விறகு எரித்துத் தண்ணீர் காய்ச்சி முடித்துவிட வேண்டும். புகை நின்றதும் என் வீட்டுக்காரர் மேலே போய் மூட்டையைச் சொருகுவார். அதன் பிறகு மிஷின் ஓடும். சாயந்திரம் வேலை முடிந்தால் எடுத்துவிடுவார். இது எங்கள் வீட்டில் பால் வாங்குவது போல ஒரு வேலையாகிவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான் என் நாத்தனார் உண்டானாள். அவருடைய ஒரே தங்கச்சி. எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்று கூப்பிடுவார்கள். இவள் வாயில் அது நாளைக்கு நூறு தடவை வரும். "நங்கை, எனக்கு அந்தப் புளிச்சாறு வேணும்", "நங்கை, உங்க அக்கா வந்தாங்களா, என்ன சொன்னாங்க?" வம்பு பேசுவதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. சாமளாபுரத்தில் தறி ஓட்டுகிறவருக்குக் கட்டிக் கொடுத்திருந்தோம். கட்டுச்சோறு விருந்து முடித்து அவளைத் தலைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வர நாள் குறித்தபோது, நான் மறுபடியும் ஆரம்பித்தேன்.

"பச்சப் புள்ளைக்காரி வருவாளுங்க. அவளுக்கு நாளெல்லாம் வெந்நீர் வேணும். மூட்டைய அடைச்சு வெச்சுட்டு அடுப்பு எரிக்க முடியாது. இப்பவாவது குழாயை மேல ஏத்துங்க."

"அவ என்ற தங்கச்சி. எனக்கு அக்கறை இல்லையா?" என்று எகிறினார். பிறகு குரலை இறக்கிக்கொண்டார். "வெள்ளை லாட் ஓடுது. இப்ப ஷீட்டை வெட்டுனா தூசி, துரு எல்லாம் பீஸ் மேலதான் உழும். இது போகட்டும். அவ பெத்து வாரதுக்குள்ள செஞ்சர்றேன்."

அவள் பெற்றாள். பெண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்தோம். குழாய் அப்படியேதான் ஷீட்டுக்குக் கீழே நின்றது. மேலே அடுத்த வெள்ளை லாட் ஓடிக்கொண்டிருந்தது.

மாமியாரும் மகனும் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். வழக்கம் போல விடியலில் விறகு எரிப்பது. எரிந்து தணலானதும் அதை அணைக்காமல் அப்படியே விட்டுவிடுவது. தணலில் புகை இல்லை. புகை இல்லாவிட்டால் கரி பறக்காது. கரி பறக்காவிட்டால் பீஸுக்குக் கெடுதல் இல்லை. புகை போக வழியும் வேண்டாம், குழாயில் ஒட்டிய பழைய கரி பறக்காமல் மேலே மூட்டையை அடைத்துவிடலாம். கீழே அண்டாவில் தண்ணீர் கொதி குறையாமல் இருக்கும். வெயில் ஏறிய பிறகு பிள்ளைக்காரியைக் குளிப்பாட்டலாம். மேலேயும் நஷ்டமில்லை, கீழேயும் நஷ்டமில்லை. எங்களுக்குத் தெரிந்த கெடுதலெல்லாம் வெள்ளைத் துணியில் விழுகிற கரும்புள்ளிதான். கண்ணுக்குத் தெரியாமல் ஒன்று இருக்கும் என்று அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது.

இதற்கு மேல் மாமியார் இன்னொன்று செய்தார். பச்சை உடம்பில் காற்றுப் படக் கூடாது என்று குளியலறை ஜாலியிலும் பனியன் வேஸ்ட்டைத் திணித்துவிட்டார். கதவுக்கு அடியில் ஒரு பழைய பனியனைச் சுருட்டி வைத்தார். உள்ளே போனால் கதகதவென்று இருக்கும். மகள் பலகையில் உட்கார, தாங்க முடிகிற சூட்டில் தண்ணீரை இடுப்பில் மொண்டு மொண்டு ஊற்றுவார். பிறகு கொஞ்ச நேரம் அந்தச் சூட்டிலேயே வேர்க்க உட்கார வைப்பார்.

நாலைந்து நாளில் அவளுக்குத் தலைவலி ஆரம்பித்தது. "நங்கை, குளிச்சுட்டு வந்தா தலை கிண்ணுனு இருக்குது. குமட்டிட்டு வருது" என்றாள். மாமியாருக்கும் தலை சுற்றியது. ராத்திரியெல்லாம் குழந்தை தூங்க விடுவதில்லை, அதுதான் என்றார். பிறகு பார்க்க வந்தவர்கள் கண்ணுதான் என்று முடிவு பண்ணி, மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பிலேயே போட்டார். அங்கேயே குளித்து வந்ததும் குழந்தை அடித்துப் போட்ட மாதிரித் தூங்கியது. "பாரு, உடம்புக்குத் தண்ணி புடிச்சுப் போச்சு" என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். தணலில் என்ன இருக்கிறது, புகை இல்லையே என்று நாங்கள் எல்லோருமே சொன்னோம்.

அன்றைக்கு மழை. விடிந்ததிலிருந்து விடாத ஐப்பசி மழை. குளிருகிறது என்று மாமியார் அடுப்பில் ஒரு முறம் கொட்டாங்குச்சிக் கரியைக் கூடுதலாகக் கொட்டினார். அது புகையவே புகையாது, செக்கச்செவேல் என்று கனன்றுகொண்டே கிடக்கும். மேலே இவர் வழக்கத்தைவிட இறுக்கி மூட்டையைச் சொருகினார், ஈரத்தில் கரி பீஸில் ஒட்டினால் போகாது என்று. நான் டேபிளில் உட்கார்ந்து பீஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். ஷீட்டில் மழை கொட்டுகிற சத்தத்தில் கீழே யார் கூப்பிட்டாலும் கேட்காது.

டீ போட இறங்கி வந்தேன். கூடத்தில் குழந்தை துணியில் சுற்றிக் கிடந்து முனகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மாமியார் சுவரில் சாய்ந்து, கையில் சாம்பிராணிக் கரண்டியோடு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். "அத்தை, அவ எங்கீங்க?" என்றேன். "வேர்க்க உக்கார வெச்சிருக்கறேன் கண்ணு. எனக்குத்தான் எந்திரிக்கவே முடியில. மயக்கமா வருது" என்றார்.

குளியலறைக் கதவைத் தள்ளினேன். அடியில் சுருட்டி வைத்த பனியன் தடுத்தது, தோளால் இடித்துத் திறந்தேன். பலகையில் உட்கார்ந்தபடி, சுவரில் தலையைச் சாய்த்திருந்தாள். முகம் நல்ல சிவப்பாக, பிள்ளை பெற்ற பிறகு இத்தனை நாளும் பார்க்காத களையோடு இருந்தது. தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். "ஏ புள்ள, எந்திரி" என்று தோளைத் தொட்டேன். சரிந்தாள். இழுத்துக்கொண்டு வாசல்வரை வந்தேன், எனக்கே கால் மடங்கியது. நான் போட்ட சத்தம் மழையையும் மீறி மேலே கேட்டிருக்கிறது. அவர் சட்டையெல்லாம் நூலோடு ஓடி வந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வியே, "வீட்டுக்குள்ள அடுப்பு இருக்கா?" என்பதுதான்.

"இருக்குதுங்க. ஆனா புகையே இல்லீங்க, வெறும் தணல்தானுங்க" என்றார் இவர்.

"புகையா இருந்தா கண்ணு எரிஞ்சு வெளிய ஓடி வந்திருப்பாங்க. தணல்ல இருந்து வர்றதுக்கு வாசனையும் இல்ல, நிறமும் இல்ல. போறதுக்கு வழி இல்லாம ரூமுக்குள்ளயே நின்னிருக்கு." பிறகு, "குழாய் இருக்குமே, அடைச்சிருந்துச்சா?" என்று கேட்டார். நான்தான், ஆமாங்க என்றேன். அவள் ஆஸ்பத்திரிக்கு வரும் முன்பே போய்விட்டாள் என்று டாக்டர் அதன் பிறகுதான் சொன்னார். குழந்தையையும் மாமியாரையும் இரண்டு நாள் ஆக்ஸிஜன் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள்.

சாமளாபுரத்திலிருந்து மாப்பிள்ளை வந்தார். கத்துவார், அடிப்பார் என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்தோம். அவர் நேராக மாடிக்குப் போனார். குழாயைப் பார்த்தார், அதன் வாயில் இன்னும் இருந்த மூட்டையைப் பார்த்தார், மேலே ஷீட்டைப் பார்த்தார். "ஏனுங்க மச்சான், ஒரு தகரக் குழாய்தானுங்களே?" என்று கேட்டார். இவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை கத்தியிருக்கலாம் என்று நான் நினைத்தேன்.

காரியம் முடிந்த மறுநாள் இவரே ஏணி போட்டு ஏறி, ஷீட்டைச் சதுரமாக வெட்டி, தகரக் குழாயை மேலே ஏற்றினார். அளக்க வந்தவர் மேலே ஏற்றச் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். சுற்றிலும் தார் பூசியதோடு சேர்த்து ஒரு காலை நேர வேலை. அன்றைக்கும் மழை பெய்தது. ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. அந்த அடுப்பில் அதன் பிறகு யாரும் நெருப்பு மூட்டவும் இல்லை. அவள் போன அன்று ஓடிய வெள்ளை லாட்டை வாங்க வேண்டிய பையர் வந்து பார்த்தார். ஒரு பீஸ்கூட ரிஜெக்ட் ஆகவில்லை.

குழந்தை எங்களோடுதான் வளர்கிறாள். அப்பாவுக்குத் தறி, வீட்டில் பார்க்க ஆள் இல்லை. மாமியாரை அம்மாயி என்றும் என்னை அத்தை என்றும் கூப்பிடுகிறாள். அப்படியே அவள் அம்மா வாய். வம்புக்குக் குறைச்சல் இல்லை. மாமியார்தான் பேச்சை விட்டுவிட்டார். கேட்டதற்குப் பதில், அதோடு சரி. இத்தனை வருடமும் சமையலறையில் தண்ணீர் காய்ச்சிப் பக்கெட்டில் தூக்கிக்கொண்டு போய்த்தான் அவளைக் குளிப்பாட்டினோம்.

போன மாதம் நான் அனுப்பர்பாளையத்தில் என் அக்கா வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு வந்தபோது, குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டியிருந்தது. மூலையில் பழைய அடுப்பை இடித்துவிட்டு, சுவரில் பளபளவென்று ஒரு கேஸ் கெய்சர். பிள்ளைக்கு ஆசையாக வாங்கினாராம். நான் ஜாலியைத் தேடினேன். அதன் மேலேயும் டைல்ஸ் ஒட்டி மூடியிருந்தார்கள்.

மாட்டிக்கொண்டிருந்த மெக்கானிக்கே தயங்கித்தான் நின்றார். "இது கேஸ்ல எரியறதுங்க. வெளிச் சுவத்துல மாட்டுறதுதான் நல்லதுங்க. உள்ள மாட்டுனா இதோட குழாய் சுவத்தைத் தாண்டி வெளிய போகோணும், ஜாலியும் தொறந்திருக்கோணும். நான் அண்ணன்கிட்டச் சொன்னேனுங்க" என்றார்.

நான் இவரைப் பார்த்தேன். கூடம் முழுக்க வெள்ளைப் பீஸ்கள், பெட்டியில் போட அடுக்கியிருந்தன. மறுநாள் வண்டி ஏற வேண்டிய லாட்.

"இப்ப சுவத்தை இடிச்சா தூசி பூரா பீஸ் மேலதான் வரும் புள்ள" என்றார். "இந்த சிப்மென்ட் போகட்டும். ஆள் கூட்டியாந்து நீட்டா ஓட்டை போட்டுக்கலாம். அதுவரைக்கும் கதவைக் கொஞ்சம் தொறந்து வெச்சுட்டுக் குளிக்கட்டும்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது போலிருந்தது. மெக்கானிக்கிடம் கெய்சரைக் கழற்றி வெளிச் சுவரில் மாட்டச் சொன்னேன். பின்கட்டிலிருந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்து, ஜாலி இருந்த இடத்தில் புது டைல்ஸின் மேல் ஒரே குத்து. சில்லுச் சில்லாகத் தெறித்தது. சிமெண்டுத் தூசி வெளுத்துக் கிளம்பிக் கூடத்துக்குள் போனது. என் வீட்டுக்காரர் ஓடிப் போய் ஒரு போர்வையை எடுத்துப் பீஸ்களின் மேல் விரிக்கப் போனார்.

மாமியார் பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு குளியலறை வாசலில் வந்து நின்றார். மகனைப் பார்த்தார். அவர் கையிலிருந்த போர்வையைப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, "இன்னும் பெருசா ஒடை சாமி" என்றார்.

உடைத்தேன். அவர் போர்வையைப் பிடித்தபடி அப்படியே நின்றுகொண்டிருந்தார், தூசி அந்த லாட் முழுக்கப் படிந்தது. உள்ளங்கை கொப்புளித்து, ஒரு கூடை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்த பிறகுதான் மாமியார் போதும் என்றார்.